பரிசோதிக்க வந்த புரோகிராமே இன்ஸ்டால் ஆகவில்லையா?

கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறது. திடீர் திடீரென்று நீலத் திரை காட்டி நின்று விடுகிறது. உள்ளே இருக்கும் பேன் ஓயாமல் இரைகிறது. என்ன கோளாறு என்று பார்க்கலாம் என ஒரு டயக்னாஸ்டிக் புரோகிராமை டவுன்லோட் செய்கிறீர்கள். அதை இன்ஸ்டால் செய்யப் போனால், பாதி வழியில் ஓர் எர்ரர் மெசேஜைக் காட்டிவிட்டு அதுவும் நின்று விடுகிறது. வைத்தியம் பார்க்க வந்தவரே வாசலில் மயங்கி விழுந்த கதைதான்.

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் இந்த இடத்தில் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். ஒன்று, அதே புரோகிராமைப் பத்து முறை திரும்பத் திரும்ப இன்ஸ்டால் செய்து பார்க்கிறார்கள். அல்லது, "விண்டோஸை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டு விடலாம்" என்ற முடிவுக்கு வந்து விடுகிறார்கள். இரண்டுமே அவசர வேலை. இன்ஸ்டால் ஆகவில்லை என்பதும் ஒரு தகவல்தான். அந்தத் தகவலைச் சரியாகப் படித்தால் சில நேரம் நோயே அதில் தெரிந்து விடும்.

நான் இருப்பது செஞ்சிக்கு அருகே மேல்மலையனூர். அக்கம் பக்கத்தில் கம்ப்யூட்டர் மக்கர் செய்தால் என்னைக் கூப்பிடுவார்கள். இங்கே பல வீடுகளில் முதல் கம்ப்யூட்டர் என்பது புதியது அல்ல. தமிழக அரசு 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் எல்காட் மூலம் மாணவர்களுக்கு வழங்கப்பட்ட லேப்டாப்களை அண்ணன் படித்து முடித்துத் தங்கைக்கும், தங்கை படித்து முடித்து அம்மாவுக்கும் கொடுத்திருப்பார்கள். இல்லாவிட்டால் சென்னையிலிருந்தோ பாண்டிச்சேரியிலிருந்தோ வாங்கி வந்த செகண்ட் ஹேண்ட் லேப்டாப்பாக இருக்கும். இப்படிப்பட்ட கம்ப்யூட்டர்களில் பரிசோதனை புரோகிராம் இன்ஸ்டால் ஆகாமல் போக என்னென்ன காரணங்கள், எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்பதை இங்கே தருகிறேன். புதிய கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கும் இதே வரிசைதான்.

இதற்கு மட்டும் ஏன் இத்தனை தொல்லை?

ஒரு கேம், ஒரு டைப்பிங் புரோகிராம் எல்லாம் ஒழுங்காக இன்ஸ்டால் ஆகின்றன. பரிசோதனை புரோகிராம் மட்டும் அடம் பிடிக்கிறது. ஏன்?

எங்கள் ஊர் அங்காளம்மன் கோயிலை எடுத்துக் கொள்ளுங்கள். அமாவாசை இரவு ஊஞ்சல் உற்சவத்துக்கு வரும் பெரும் கூட்டம் பிராகாரத்தில் நடமாடலாம், வரிசையில் நின்று கும்பிடலாம். கருவறைக்குள் போவது பூசாரி மட்டும்தான். விண்டோஸும் இப்படித்தான் இயங்குகிறது. சாதாரண புரோகிராம்கள் எல்லாம் பிராகாரத்தோடு சரி. கருவறைக்குக் கம்ப்யூட்டர் பாஷையில் கெர்னல் என்று பெயர். மெமரி, ஹார்ட் டிஸ்க், பிராசசர் ஆகியவற்றோடு நேரடியாகப் பேசுவது அதுதான்.

பிராசசரின் வெப்பம் எவ்வளவு, பேன் எத்தனை வேகத்தில் சுற்றுகிறது, மதர் போர்டில் வோல்டேஜ் என்ன என்பதை எல்லாம் பிராகாரத்தில் நின்று கொண்டு தெரிந்து கொள்ள முடியாது. எனவே பரிசோதனை புரோகிராம் தன்னோடு ஒரு டிரைவர் பைலைக் கொண்டு வந்து கெர்னலுக்குள் நுழைக்கப் பார்க்கிறது. உள்ளே போகும் டிரைவர் கெட்டதாக இருந்தால் கம்ப்யூட்டர் முழுக்க அதன் கையில் போய் விடும் அல்லவா? அதனால்தான் விஸ்டா 64 பிட் காலத்திலிருந்தே டிஜிட்டல் கையெழுத்து இல்லாத டிரைவரை விண்டோஸ் வாசலிலேயே தடுக்கிறது. அடுத்தடுத்து வந்த விண்டோஸ் பதிப்புகளில் காவல் கூடிக் கொண்டே வந்திருக்கிறது. உங்கள் புரோகிராம் மாட்டிக் கொள்வது பல நேரம் இந்த வாசலில்தான்.

முதலில் மெசேஜைப் படியுங்கள்

எர்ரர் மெசேஜ் வந்ததும் ஓகே கொடுத்து மூடி விடாதீர்கள். மொபைலில் ஒரு போட்டோ எடுத்துக் கொள்ளுங்கள். அதில் இருக்கும் எண் மிக முக்கியம். அடிக்கடி வரும் சில மெசேஜ்களும் அவற்றின் பொருளும்:

* எர்ரர் 1618: வேறொரு இன்ஸ்டாலேஷன் ஏற்கனவே நடந்து கொண்டிருக்கிறது. காத்திருங்கள், அல்லது ரீஸ்டார்ட் செய்து மீண்டும் முயலுங்கள்.
* எர்ரர் 1619: இன்ஸ்டாலேஷன் பைலைத் திறக்க முடியவில்லை. டவுன்லோட் அரைகுறையாக இருக்கலாம், அல்லது ஜிப் பைலுக்குள் இருந்தபடியே அதை இயக்கியிருப்பீர்கள். முதலில் எக்ஸ்ட்ராக்ட் செய்யவும்.
* எர்ரர் 1625: இந்தக் கம்ப்யூட்டரின் பாலிசி இதற்கு அனுமதிக்கவில்லை. அலுவலகத்திலோ கல்லூரியிலோ பயன்பட்ட பழைய லேப்டாப்களில் இதைப் பார்க்கலாம்.
* எர்ரர் 1633: உங்கள் பிராசசர் வகைக்கு இந்தப் புரோகிராம் பொருந்தாது. 32 பிட், 64 பிட் குழப்பம்.
* எர்ரர் 1335: புரோகிராமின் கேபினட் பைல் கெட்டுப் போயிருக்கிறது.
* எர்ரர் 1603: "ஏதோ பெரிய தவறு நடந்து விட்டது" என்று பொதுவாகச் சொல்லும் மெசேஜ். இதை மட்டும் வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது.
* "இன்ஸ்டாலர் இன்டெக்ரிட்டி செக் ஹேஸ் பெயில்டு": பைல் முழுமையாக இல்லை.
* ஏதாவது ஒரு டிஎல்எல் பைல் காணவில்லை என்ற மெசேஜ்: அந்தப் புரோகிராமுக்குத் தேவையான துணைப் பைல்கள் உங்கள் விண்டோஸில் இல்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஒவ்வொரு முறையும் அதே மெசேஜ் வருகிறதா, வேறு வேறாக வருகிறதா? அதே மெசேஜ் என்றால் சாப்ட்வேர் பிரச்சினையாக இருக்க வாய்ப்பு அதிகம். முதல் முறை ஒன்று, அடுத்த முறை வேறொன்று என்று மாறி மாறி வந்தால் மெமரியையோ ஹார்ட் டிஸ்க்கையோ சந்தேகிக்க வேண்டும். இதைப் பற்றிப் பின்னால் பார்ப்போம்.

ஒவ்வொன்றாகச் சரி பார்ப்போம்

1. பைல் முழுமையாக வந்திருக்கிறதா?

எங்கள் ஊரில் அமாவாசை அன்று இரவு மொபைல் சிக்னல் திணறிப் போகும். அந்த நேரத்தில் மொபைல் ஹாட்ஸ்பாட் வழியாக டவுன்லோட் செய்த பைல்கள் அரைகுறையாக வந்து நிற்பதைப் பல முறை பார்த்திருக்கிறேன். புரோகிராமைத் தயாரித்தவரின் இணைய தளத்தில் பைலின் அளவு கொடுத்திருப்பார்கள். உங்களிடம் உள்ள பைலை ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் சென்று அளவை ஒப்பிடுங்கள்.

அளவு சரியாக இருந்தாலும் உள்ளே ஓர் எழுத்து மாறியிருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க எஸ்எச்ஏ-256 என்ற முத்திரை எண் உதவும். பைலில் ஒரே ஒரு பிட் மாறினாலும் இந்த எண் அடியோடு மாறிப் போகும். இலவசமாகக் கிடைக்கும் 7-ஜிப் உங்கள் கம்ப்யூட்டரில் இருந்தால், பைலை ரைட் கிளிக் செய்து சிஆர்சி எஸ்எச்ஏ என்ற மெனுவில் எஸ்எச்ஏ-256 தேர்ந்தெடுத்தால் எண் கிடைக்கும். தயாரித்தவரின் தளத்தில் கொடுத்துள்ள எண்ணோடு அது ஒத்துப் போக வேண்டும். ஒத்துப் போகாவிட்டால் அந்தப் பைலை அழித்துவிட்டு மறுபடி டவுன்லோட் செய்யவும்.

2. 32 பிட்டா, 64 பிட்டா?

செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட் என்று செல்லுங்கள். சிஸ்டம் டைப் என்ற வரியில் இரண்டு தகவல்கள் இருக்கும். ஒன்று விண்டோஸ் எத்தனை பிட் என்பது; மற்றது பிராசசர் எத்தனை பிட் என்பது. 64 பிட் பிராசசரில் 32 பிட் விண்டோஸைப் போட்டு வைத்திருக்கும் பழைய லேப்டாப்கள் ஏராளம். அதில் 64 பிட் புரோகிராம் இன்ஸ்டால் ஆகாது. விண்டோஸ் 11-ல் 32 பிட் பதிப்பே கிடையாது என்பதால், இப்போது புரோகிராம் எழுதுபவர்களில் பலர் 32 பிட் பதிப்பைத் தருவதையே நிறுத்தி வருகிறார்கள். டவுன்லோட் பக்கத்தில் பழைய பதிப்புகளுக்கான பகுதி இருக்கிறதா என்று பாருங்கள்.

புதிய லேப்டாப் வாங்கியவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. சிஸ்டம் டைப்பில் ஆர்ம் என்று இருந்தால், இன்டெல், ஏஎம்டி பிராசசர்களுக்காக எழுதிய டிரைவர்கள் அதில் வேலை செய்யா. ஆர்முக்கென்றே வெளியிட்ட பதிப்புதான் வேண்டும். அதே போல் சில குறைந்த விலை லேப்டாப்கள் விண்டோஸ் எஸ் மோடில் வரும். மைக்ரோசாப்ட் ஸ்டோரில் இல்லாத எதையும் எஸ் மோட் ஏற்காது. கட்டணம் இல்லாமலே அதிலிருந்து வெளியே வரலாம். ஆனால் மறுபடி எஸ் மோடுக்குத் திரும்ப முடியாது.

3. அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமை இருக்கிறதா?

குழந்தைகளுக்கென்று தனி யூசர் அக்கவுண்ட் வைத்திருப்பவர்கள் அதில் நின்று கொண்டு இன்ஸ்டால் செய்ய முயன்றால் முடியாது. பைலை ரைட் கிளிக் செய்து ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் கொடுக்கவும். இணையத்திலிருந்து வந்த பைல் என்பதால் விண்டோஸ் தடுத்து வைத்திருந்தால், பிராப்பர்ட்டீஸில் கீழே அன்பிளாக் என்று ஒரு கட்டம் தெரியும். நம்பிக்கையான தளத்திலிருந்து வந்த பைல் என்று உறுதியானால் மட்டும் அதில் டிக் செய்யுங்கள்.

4. இடமும் ரீஸ்டார்ட்டும்

சி டிரைவ் சிவப்பாகக் காட்டுகிறதா? இன்ஸ்டால் செய்யும்போது பைல்கள் முதலில் டெம்ப் போல்டரில் விரிக்கப்படுகின்றன. அதற்கு இடம் இல்லாவிட்டால் பாதியில் நிற்கும். டிஸ்க் கிளீனப் செய்யுங்கள். விண்டோஸ் அப்டேட் முடிந்து ரீஸ்டார்ட்டுக்காகக் காத்திருந்தாலும் சில புரோகிராம்கள் இன்ஸ்டால் ஆகா. ஷட் டவுன் வேண்டாம், ரீஸ்டார்ட் கொடுங்கள். பாஸ்ட் ஸ்டார்ட்டப் வசதி உள்ள கம்ப்யூட்டர்களில் ஷட் டவுன் செய்தாலும் கெர்னல் முழுமையாகப் புதிதாகத் தொடங்குவதில்லை, ரீஸ்டார்ட்டில்தான் தொடங்குகிறது.

5. துணைப் பைல்கள்

விசிரன்டைம் என்று தொடங்கும் டிஎல்எல் காணவில்லை என்று வந்தால், மைக்ரோசாப்ட் விஷுவல் சி பிளஸ் பிளஸ் ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் தொகுப்பை மைக்ரோசாப்ட் தளத்திலிருந்து எடுத்துப் போடுங்கள். காணாமல் போன டிஎல்எல்லை மட்டும் தனியாகத் தரும் தளங்கள் இணையத்தில் நிறைய உள்ளன. அந்தப் பக்கம் போகவே வேண்டாம். அங்கே கிடைக்கும் பைலோடு வேறு என்ன வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

6. விண்டோஸ் 7 வைத்திருப்பவர்களுக்கு

விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாப்டின் பொது ஆதரவு 2020 ஜனவரி 14-ல் முடிந்தது. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. ஆனாலும் பல வீடுகளில் இரண்டும் ஓடிக் கொண்டுதான் இருக்கின்றன.

விண்டோஸ் 7 வெளியான காலத்தில் டிரைவர்களுக்கு எஸ்எச்ஏ-1 என்ற முறையில் கையெழுத்திட்டார்கள். அது பலவீனமானது என்று தெரிந்ததும் எஸ்எச்ஏ-2 முறைக்கு மாறினார்கள். பழைய விண்டோஸ் 7-க்குப் புதிய கையெழுத்தைப் படிக்கத் தெரியாது. எனவே, ஒழுங்காகக் கையெழுத்திட்ட டிரைவரையும் அது போலி என்று நினைத்துத் தள்ளி விடும். டிவைஸ் மேனேஜரில் கோட் 52 என்று வந்தால் பெரும்பாலும் இதுதான் காரணம். கேபி 4490628, கேபி 4474419 ஆகிய இரண்டு அப்டேட்களையும் இந்த வரிசையில் போட்ட பிறகு பிரச்சினை தீரும். சர்வீஸ் பேக் 1 ஏற்கனவே இருக்க வேண்டும்.

7. விண்டோஸே தடுத்தால்?

2025 மார்ச் மாதம் உலகம் முழுவதும் பலருக்கு ஒரு விநோத அனுபவம் ஏற்பட்டது. நேற்று வரை ஒழுங்காக வெப்பம் காட்டிய புரோகிராம்களை விண்டோஸ் டிபெண்டர் திடீரென்று பிடித்து வைத்துக் கொண்டது. காரணம், வின்ரிங்0 என்ற டிரைவர். வெப்பத்தையும் பேன் வேகத்தையும் படிக்கும் பல இலவசப் புரோகிராம்கள் இந்த ஒரே டிரைவரைத்தான் பொதுவாகப் பயன்படுத்தி வந்தன. அதில் ஓட்டை இருப்பது 2020-லேயே பதிவானது. கெட்ட புரோகிராம் ஒன்று அந்த டிரைவரின் தோளில் ஏறிக் கெர்னலுக்குள் போய் விட முடியும் என்பதுதான் ஆபத்து. புரோகிராம்களை எழுதியவர்கள் நல்லவர்கள்தான். ஆனால் அவர்கள் திறந்து வைத்த கதவு எல்லாருக்கும் திறந்தே கிடந்தது.

இப்படி விண்டோஸ் தடுக்கும்போது, "ஆன்ட்டி வைரஸை நிறுத்தி விட்டு இன்ஸ்டால் செய்யுங்கள்" என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். கோர் ஐசொலேஷனில் உள்ள மெமரி இன்டெக்ரிட்டி வசதியையும் இதற்காக ஆப் செய்ய வேண்டாம். வெப்பம் பார்ப்பதற்காகக் கருவறைக் கதவைக் கழற்றி வைப்பதா? புரோகிராமின் புதிய பதிப்பு வந்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் வேறு புரோகிராமுக்கு மாறி விடுங்கள்.

ஏழும் சரி, ஆனாலும் ஆகவில்லை

எங்கள் தெருவில் ஓர் அக்கா மகளிர் சுய உதவிக் குழுவின் கணக்கு எழுதுகிறார். சேமிப்பு, கடன், வட்டி, தவணை எல்லாம் எக்சலில். அவருடைய மகன் கல்லூரி முடித்துவிட்டு விட்டுச் சென்ற பழைய லேப்டாப்தான் அவருடையது. அது அடிக்கடி உறைந்து போகிறது என்று யாரோ சொன்ன ஒரு பரிசோதனை புரோகிராமை இன்ஸ்டால் செய்து பார்த்திருக்கிறார்.

"நாலு வாட்டி போட்டுப் பாத்துட்டேன் தம்பி. முக்கால்வாசி போவுது, அப்பறம் அப்டியே நின்னுடுது. ஒவ்வொரு வாட்டியும் ஒவ்வொரு நம்பர் காட்டுது" என்றார்.

எடுத்து வைத்திருந்த போட்டோக்களைக் காட்டினார். ஒன்றில் 1335. இன்னொன்றில் 1603. மூன்றாவதில் வெறுமனே பைலைப் படிக்க முடியவில்லை என்ற மெசேஜ். எண் மாறி மாறி வந்ததும் நான் சாப்ட்வேர் பக்கம் போகவில்லை.

அதே புரோகிராமை என் கம்ப்யூட்டரில் டவுன்லோட் செய்து எஸ்எச்ஏ-256 பார்த்தேன்; சரியாக இருந்தது. பென் டிரைவில் போட்டு அக்காவின் லேப்டாப்பில் செருகி, பென் டிரைவில் இருந்தபடியே நான்கைந்து முறை பார்த்தேன். ஒவ்வொரு முறையும் அதே எண். அப்படியானால் மெமரியைச் சந்தேகிக்கப் பெரிய காரணம் இல்லை. பிறகு அந்தப் பைலை சி டிரைவுக்குக் காப்பி செய்து, ரீஸ்டார்ட் செய்த பின் மறுபடி பார்த்தேன். ரீஸ்டார்ட் அவசியம். இல்லாவிட்டால் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து படிக்காமல் மெமரியில் மிச்சமிருக்கும் நகலையே விண்டோஸ் படித்து, எல்லாம் சரி என்று சொல்லி விடக்கூடும். இம்முறை லேப்டாப் வெகுநேரம் தடுமாறி, சைக்ளிக் ரிடண்டன்சி செக் எர்ரர் என்று காட்டியது. எழுதியதைத் திரும்பப் படிக்க ஹார்ட் டிஸ்க்கால் முடியவில்லை என்று பொருள்.

ஈவென்ட் வியூவரைத் திறந்தேன். விண்டோஸ் லாக்ஸில் சிஸ்டம் பகுதியில், டிஸ்க் என்ற பெயரில் ஈவென்ட் ஐடி 7 வரிசையாக இருந்தது. பேட் பிளாக் இருக்கிறது என்று விண்டோஸ் பல வாரங்களாக எழுதிக் கொண்டே இருந்திருக்கிறது. அந்தப் பக்கத்தை யாரும் திறந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

"குழு கணக்கு வேற எங்கயாவது இருக்கா அக்கா?"

"எல்லாம் இதுலதான் தம்பி இருக்குது. வெள்ளிக்கிழம கூட்டம் வேற."

சாகக் கிடக்கும் ஹார்ட் டிஸ்க்கில் புதிதாக எதையும் எழுதக் கூடாது. ஒவ்வொரு முறை இன்ஸ்டால் செய்யும்போதும் நூற்றுக்கணக்கான பைல்கள் எழுதப்படுகின்றன. செக் டிஸ்க் ஓட்டுவதும் இந்த நேரத்தில் வேண்டாம். அது டிஸ்க் முழுவதையும் உருட்டிப் பார்க்கும். பைல் அமைப்பையும் மாற்றும். முதலில் டேட்டா, பிறகுதான் டயக்னாஸ்டிக். இந்த ஒரு வரியை எல்லாரும் நினைவில் வைக்க வேண்டும்.

லேப்டாப்பை ஆப் செய்துவிட்டு, லினக்ஸ் மின்ட் போட்டு வைத்திருந்த பென் டிரைவிலிருந்து அதை பூட் செய்தேன். இன்ஸ்டால் செய்யாமல் பென் டிரைவிலிருந்தே ஓடும் லைவ் முறையில் ஹார்ட் டிஸ்க்கில் எதுவும் எழுதப்படுவதில்லை. கணக்கு இருந்த போல்டரை மட்டும் முதலில் இன்னொரு பென் டிரைவுக்கு எடுத்தேன். அதன் பிறகு போட்டோக்கள். பழைய ஒரு மாதக் கணக்கு மட்டும் கடைசி வரை திறக்கவில்லை. குழுவின் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்து அக்கா அதை மறுபடி டைப் செய்து விட்டார். ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு ஒரு எஸ்எஸ்டி போட்ட பிறகு, இன்ஸ்டால் ஆக மறுத்த அதே புரோகிராம் முதல் முறையிலேயே இன்ஸ்டால் ஆனது.

இன்ஸ்டால் செய்யாமலே பரிசோதனை

இன்ஸ்டால் ஆகாவிட்டால் பரிசோதனையே செய்ய முடியாது என்பதில்லை. கீழே உள்ளவற்றில் எதற்கும் செட்டப் பைல் தேவையில்லை.

ரிலையபிலிட்டி ஹிஸ்டரி: ஸ்டார்ட் மெனுவில் ரிலையபிலிட்டி என்று டைப் செய்தால் வியூ ரிலையபிலிட்டி ஹிஸ்டரி என்று வரும். எந்தத் தேதியில் எந்தப் புரோகிராம் நின்றது, எந்த இன்ஸ்டாலேஷன் தோற்றது என்பதை எல்லாம் நாள் வாரியாகப் படம் போட்டுக் காட்டும். புதியவர்கள் தொடங்குவதற்கு இதுவே நல்ல இடம்.

விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்: விஸ்டா முதல் விண்டோஸிலேயே உள்ளது. ஸ்டார்ட் மெனுவில் இந்தப் பெயரை டைப் செய்து, ரீஸ்டார்ட் நவ் கொடுத்தால், விண்டோஸ் தொடங்கும் முன்பே மெமரியைச் சோதிக்கும்.

மெம்டெஸ்ட்86: இன்னும் கடுமையான மெமரி சோதனை வேண்டும் என்றால் இது. கிறிஸ் பிரேடி என்பவர் 1994-ல் எழுதியது. மெம்டெஸ்ட்86 பிளஸ் என்ற இலவசப் பதிப்பும் தனியாக உள்ளது. இரண்டையுமே பென் டிரைவில் போட்டு பூட் செய்யலாம். இரவு முழுக்க ஓட விடுங்கள். ஒரே ஒரு சிவப்பு வரி வந்தாலும் மெமரியில் கோளாறு இருப்பதாகவே கொள்ள வேண்டும். இரண்டு ராம் கார்டுகள் இருந்தால் ஒவ்வொன்றாகக் கழற்றிச் சோதித்தால் எது கெட்டது என்று தெரிந்து விடும்.

கம்பெனியே கொடுத்த சோதனை: எச்பி லேப்டாப்களில் ஆன் செய்ததும் எஸ்கேப் கீயைத் தட்டி, பிறகு எப்2. டெல் லேப்டாப்களில் எப்12 தட்டி டயக்னாஸ்டிக்ஸ். இது விண்டோஸ் கெட்டுப் போயிருந்தாலும் வேலை செய்யும் என்பது பெரிய வசதி.

போர்ட்டபிள் பதிப்புகள்: சிபியு-இஸட், கிரிஸ்டல் டிஸ்க் இன்போ, எச்டபிள்யூ இன்போ ஆகியவை ஜிப் பைலாகவும் கிடைக்கின்றன. எக்ஸ்ட்ராக்ட் செய்து நேரடியாக இயக்கலாம். டிரைவர் பிரச்சினை இதில் தீராது. ஆனால் இன்ஸ்டாலர் தகராறு தீர்ந்து விடும்.

விண்டோஸ் 11 வைத்திருப்பவர்கள்: என்விஎம்இ எஸ்எஸ்டி இருந்தால் செட்டிங்ஸிலேயே அதன் ஆரோக்கியம் தெரியும். சிஸ்டம், ஸ்டோரேஜ், அட்வான்ஸ்டு ஸ்டோரேஜ் செட்டிங்ஸ், டிஸ்க்ஸ் அண்ட் வால்யூம்ஸ் சென்று பிராப்பர்ட்டீஸைப் பாருங்கள். மீதமுள்ள ஆயுள் எத்தனை சதவீதம் என்ற மதிப்பீடும் வெப்பமும் அங்கே இருக்கும்.

ஓர் எச்சரிக்கை: புதிய லேப்டாப்களில் டிஸ்க் முழுவதும் பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருக்கக் கூடும். பயாஸில் செக்யூர் பூட் போன்றவற்றை மாற்றினால் அடுத்த முறை 48 இலக்க ரெகவரி கீ கேட்கும். அது உங்கள் மைக்ரோசாப்ட் அக்கவுண்டில் இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்து எழுதி வைத்துக் கொள்ளுங்கள்.

எண்களை எப்படிப் படிப்பது?

ஹார்ட் டிஸ்க் தன் உடல் நிலையைத் தானே குறித்து வைத்துக் கொள்ளும் ஏற்பாட்டுக்கு ஸ்மார்ட் என்று பெயர். கிரிஸ்டல் டிஸ்க் இன்போவோ லினக்ஸ் மின்டில் உள்ள டிஸ்க்ஸ் புரோகிராமோ இதைக் காட்டும். நீளமான பட்டியலைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஹார்ட் டிஸ்க்குக்கு முதலில் மூன்று வரிகள் போதும்.

5-ம் எண்: கெட்டுப் போனதால் மாற்று இடம் கொடுக்கப்பட்ட செக்டார்கள். 197-ம் எண்: படிக்க முடியாமல் முடிவுக்காகக் காத்திருக்கும் செக்டார்கள். 198-ம் எண்: திருத்தவே முடியாதவை. மூன்றிலும் ரா வேல்யூ பூஜ்யமாக இருப்பது நல்லது. 197 நாளுக்கு நாள் ஏறினால் தாமதம் வேண்டாம், பேக்கப் எடுங்கள். அக்காவின் டிஸ்க்கில் இந்த வரியில் நூறுக்கும் மேல் இருந்தது.

எல்லாம் பூஜ்யம், எனவே பத்திரம் என்றும் இருந்து விடக் கூடாது. கூகுள் நிறுவனம் தன் சர்வர்களில் உள்ள ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஹார்ட் டிஸ்க்குகளை ஆராய்ந்து 2007-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. முதல் ஸ்கேன் எர்ரர் வந்த டிஸ்க், அடுத்த 60 நாட்களுக்குள் செயலிழக்கும் வாய்ப்பு மற்றவற்றை விட 39 மடங்கு அதிகம் என்று அதில் தெரிந்தது. அதே அறிக்கையில் இன்னொரு செய்தியும் உண்டு. செயலிழந்த டிஸ்க்குகளில் பாதிக்கு மேற்பட்டவை, முக்கியமான நான்கு ஸ்மார்ட் எண்களில் எந்த அறிகுறியும் காட்டாமலே போயின. சிவப்பு காட்டினால் நம்புங்கள். பச்சை காட்டினால் முழுக்க நம்பாதீர்கள்.

போலிகள் ஜாக்கிரதை

இன்ஸ்டால் ஆகவில்லை என்ற எரிச்சலில் கூகுளில் தேடும்போதுதான் பலர் ஏமாறுகிறார்கள். "உங்கள் கம்ப்யூட்டரில் 1,247 தவறுகள் உள்ளன, சரி செய்ய இங்கே கிளிக் செய்யவும்" என்று மிரட்டும் விளம்பரங்கள் பரிசோதனை புரோகிராம்கள் அல்ல. திரை முழுக்க எச்சரிக்கை காட்டி ஒரு போன் நம்பரைத் தருபவர்களும், "மைக்ரோசாப்டிலிருந்து பேசுகிறோம், எனிடெஸ்க் போடுங்கள்" என்று தாமாகவே அழைப்பவர்களும் மோசடிக்காரர்கள். மைக்ரோசாப்ட் அப்படி அழைப்பதில்லை. பணம் பறி போனால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குச் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை நிறுத்தி வைக்க அவ்வளவு வாய்ப்பு.

எந்தப் புரோகிராமையும் அதைத் தயாரித்தவரின் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள். டவுன்லோட் பக்கத்தில் பச்சை நிறத்தில் பெரிதாக மின்னும் பட்டன் பல நேரம் விளம்பரமாகத்தான் இருக்கும்.

சுருக்கமாக

அடுத்த முறை ஒரு பரிசோதனை புரோகிராம் இன்ஸ்டால் ஆகாமல் அடம் பிடித்தால் இந்த வரிசையில் செல்லுங்கள்:

1. மெசேஜைப் போட்டோ எடுக்கவும். எண் மாறி மாறி வருகிறதா என்று பார்க்கவும்.
2. முக்கியமான பைல்களைப் பென் டிரைவுக்கு எடுத்து வைக்கவும்.
3. ஈவென்ட் வியூவரில் டிஸ்க், ஈவென்ட் ஐடி 7 உள்ளதா என்று பார்க்கவும். இருந்தால் இன்ஸ்டால் முயற்சியை அதோடு நிறுத்தவும்.
4. பைலின் அளவும் எஸ்எச்ஏ-256 எண்ணும் சரியா என்று பார்க்கவும்.
5. 32 பிட்டா, 64 பிட்டா, ஆர்மா, எஸ் மோடா என்று பார்க்கவும்.
6. ரீஸ்டார்ட், இடம், அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமை.
7. துணைப் பைல்கள், விண்டோஸ் 7 என்றால் இரண்டு அப்டேட்கள்.
8. விண்டோஸ் தடுத்தால் காவலை நீக்காமல் புரோகிராமை மாற்றவும்.
9. எதுவும் நடக்காவிட்டால் பென் டிரைவிலிருந்து பூட் செய்து சோதிக்கவும்.

இந்த ஒன்பதில் இரண்டாவதற்கு எந்தக் கோளாறும் வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. இதைப் படித்து முடித்ததும் செய்யலாம். ஒரு பென் டிரைவும் பத்து நிமிடமும் போதும்.